டிரம் காலியான விதம்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேற்று, சனிக்கிழமை, லோத்குண்டாவில் ஒரு வீட்டில் இருநூறு லிட்டர் தண்ணீரை வீணாக்கினேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. காலையில் எழுதினால் சரியாகிவிடும் என்று உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: 'மார்ச் வெயிலில் ராணுவ நிலத்துப் புல் பொன்னிறமாக…'

அடித்துவிட்டேன். பொன்னிறமாம்! அந்தப் புல் ஆள் உயரத்துக்குக் காய்ந்து நிற்கிறது. வருஷம் தவறாமல் பற்றி எரிகிறது. அதை ஒட்டின சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மனுஷர் அசைய முடியாமல் படுத்திருக்கிறார். இதில் என்ன வர்ணனை வேண்டிக்கிடக்கிறது?

2

அவர் பெயர் ராமசுவாமி. பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து மூன்று வருஷம், எண்பது கிலோ. மனைவி கல்பகத்துக்கு அறுபத்திரண்டு வயது, நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். மகன் நிகில் கனடாவில்.

நான் இர்பான், திருநெல்வேலிக்காரன், இந்தத் தெலுங்கு ஊருக்கு வேலைக்கு வந்தவன், அமீர்பேட்டில் அறை. எங்கள் கம்பெனி இந்த வருஷம் 'தீக்கு முன் தயார்' என்று ஒரு சேவைத் திட்டம் ஆரம்பித்தது. வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்க, பதினேழு கேள்விகள் கொண்ட பட்டியல் சிட்னி அலுவலகத்திலிருந்து வந்தது.*

*அங்கே காட்டுத்தீ பெரிய விஷயம். பட்டியலில் தப்பில்லை. அதை ஒரு வார்த்தை மாற்றாமல் இங்கே கொண்டுவந்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். அதில் நானும் உண்டு.

3

(அனுபமாவைப் பற்றி எனக்கே சந்தேகமாக இருக்கிறது. எங்கள் குழுத் தலைவி, சென்னைப் பெண். அவளை வில்லியாக்கினால் கதை சுலபமாக நகரும். ஆனால் வெயிலில் நான்கு மணி நேரம் எங்களோடு புல் அறுத்தவள் அவள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். வில்லியாக்க மனசு வரவில்லை.)

பதினோராவது கேள்வி: வீட்டின் எல்லாப் பக்கமும் எட்டும் ரப்பர் குழாய் உண்டா? தண்ணீர் பாயும்போது எடுத்த படம் கட்டாயம்.

புதுக் குழாய் கொண்டுபோயிருந்தோம், பச்சை நிறம், இருபது மீட்டர். வீட்டுத் தண்ணீர்க் குழாயில் மாட்டித் திறந்தோம். காற்றுதான் வந்தது.

"வெள்ளிக்கிழமை வந்துதுப்பா. இனிமே செவ்வாய்க்கிழமைதான் விடுவான்" என்றார் கல்பகம்.

அனுபமா பின்வாசல் படிமேல் இருந்த நீல டிரம்மைப் பார்த்தாள்.

"நக்கோம்மா, அதைத் தொடாதே. தீக்குன்னே ரொப்பி வெச்சிருக்கேன்."

போன ஏப்ரலில் சுவருக்கு அப்பால் புல் எரிந்தபோது, சாக்குகளை அந்தத் தண்ணீரில் நனைத்துக் கணவர் படுத்திருக்கும் அறை ஜன்னலில் தொங்கவிட்டுத்தான் சமாளித்தாராம். தீயணைப்பு வண்டியோ தண்ணீர் லாரியோ அந்தச் சந்துக்குள் நுழையாது.

"ஒரே நிமிஷம் ஆன்ட்டி, போட்டோக்கு மட்டும்" என்றாள் அனுபமா. என் பக்கம் திரும்பி, "தண்ணி இல்லாத போட்டோவ சிட்னில ரிஜெக்ட் பண்ணிடுவாங்க இர்பான். அப்புறம் இந்த வீடே கணக்குல வராது."

குழாயின் ஒரு முனையை டிரம்முக்குள் விட்டு, மறுமுனையைக் கீழே நின்று வாயால் உறிஞ்சியவன் நான். தண்ணீர் ஜோராகப் பாய்ந்தது. படம் எடுத்தாயிற்று.

அந்த நேரம் பார்த்து வாசலில் குழுப்படத்துக்குக் கூப்பிட்டார்கள். குழாயைத் தரையில் போட்டுவிட்டு ஓடினேன். பேனரைத் தலைகீழாகப் பிடித்ததால் மறுபடி எடுத்தோம். ஒருவர் கண்ணை மூடிவிட்டார், மறுபடி. எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தி, மறுபடி.

திரும்பி வந்தபோது டிரம்மின் அடியில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது.

4

இந்த இடத்தில் கல்பகம் கத்தியிருக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்குக் கத்தவிட்டு எழுதியும் பார்த்தேன், கிழித்துவிட்டேன். அவர் கத்தவில்லை. ஈர மண்ணில் கிடந்த குழாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார். அனுபமா நிஜமாகவே அழுதுவிட்டாள். திங்கட்கிழமை மெயில் போட்டு ஏதாவது செய்யலாம் என்றாள். மெயில்!

கடைசியில் மதிப்பீட்டுப் படிவம். அதுவும் கட்டாயம். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டார் கல்பகம்.

"ஆன்ட்டி, எதுக்கு அஞ்சு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கொறைச்சுப் போட்டா நீங்க திரும்பி வரமாட்டேள். வேற யாரு இங்க வரா?" என்றவர், அனுபமாவிடம் கேட்டார்: "தீ வந்தா இவரைத் தூக்க எனக்கு ஒரு ஆள் வேணும்மா. அது உங்க லிஸ்ட்ல இருக்கோ?"

அனுபமா பதினேழையும் மேலிருந்து கீழே தேடினாள்.

"வளர்ப்புப் பிராணிய எப்படி வெளிய கொண்டு போறதுன்னு இருக்கு ஆன்ட்டி."

வண்டி ஹாரன் அடித்தது. பிரியாணி ஆறிக்கொண்டிருக்கிறதாம். போய்ச் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன்.

5

முடிவுகள்.

(அ) செவ்வாய் வரை எதுவும் நடக்கவில்லை. தண்ணீர் வந்தது, டிரம் நிறைந்தது. இதுதான் நடக்கும் என்று நீங்களும் நானும் சொல்லிக்கொள்கிறோம். சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

(ஆ) ஞாயிறு மதியம், சுவருக்கு அப்பால் முதலில் புகை. கல்பகம் சாக்கை எடுத்துக்கொண்டு டிரம்முக்கு ஓடுகிறார். பிறகு அறைக்குள் ஓடிக் கணவரின் அக்குளில் கைகொடுத்து…

இதற்கு மேல் போகவில்லை. தூக்க ஒரு ஆளைக் கதைக்குள் கொண்டுவரப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் ஆளில்லை, பூட்டு. நிகிலை விமானம் ஏற்றினேன், எனக்கே சிரிப்பு வந்தது. அனுபமாவையும் எங்கள் பன்னிரண்டு பேரையும் நிறுத்தினேன். எல்லோரும் போட்டோவுக்கு நிற்பதுபோலவே நின்றார்கள்.

நீயே போகக் கூடாதா என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கம். போவதைத் தள்ளிப்போடத்தான் காலையிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது மணி பதினொன்று, இன்று ஞாயிறு, வெளியே நல்ல காற்று.

போதும். நான் கிளம்புகிறேன். அமீர்பேட்டிலிருந்து லோத்குண்டா போய்ச்சேர ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குள் இந்தக் கதையை நீங்கள் முடிப்பதாக இருந்தால் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்குள் மட்டும் கூடுதலாக ஒரு ஆளை வைத்துவிடுங்கள்.