பின்கதவின் போட்டோ

கிட்டே வந்து உட்காருங்கள், என் செல்வங்களே. காற்று அடிக்கிறது, அந்தச் சன்னலைச் சாத்திவிடுங்கள். கதவு மட்டும் திறந்தே இருக்கட்டும். அதற்கொரு கதை இருக்கிறது, சொல்கிறேன்.

தணிக்கைக்காரி ஒருத்தி இருந்தாள். அரசுத் துறைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. அதை வைத்துக்கொண்டு சட்டமன்றக் குழு துறைத் தலைவர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். அப்போது அவள் குழுத் தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் உட்காருவாள். கேட்டாலொழிய வாய் திறக்கக் கூடாது, அதுதான் அங்கே வழக்கம்.

அன்று விசாரணை பெண் குழந்தைகள் விடுதியைப் பற்றி. படுக்கைக் கூடத்தின் பின்கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு தொங்குகிறது, தீப்பிடித்தால் பிள்ளைகள் எங்கே ஓடும் என்று அவள்தான் எழுதியிருந்தாள். பதில் சொல்ல எதிரே உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? அவளுடைய அக்காள் புருஷன். அப்பா போனபின் அவளைப் படிக்க வைத்த மனிதர். போன மாதம்தான் அந்தத் துறைக்குத் தலைவராக மாற்றலாகி வந்திருந்தார்.

தேநீர் இடைவேளையில் தாழ்வாரத்தில் அவளை மடக்கினார்.

“என்ன மேடம், அத்தானைக் கண்டா ஒரு வணக்கம்கூட வராதா?”

“உள்ள நீங்க சாட்சி. வெளிய வந்தாத்தானே அத்தான்.”

“வெளியதானே நிக்கிறேன்!” சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். “கதவு திறந்திருக்கிற போட்டோ குழுவுக்குக் குடுத்தாச்சு. நீ எதையும் கிளறாதம்மா.”

அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டில் காப்பி கலக்கும்போது அவர் போனில் பேசியது காதில் விழுந்திருந்தது. ‘போட்டோ எடுத்தாச்சுல்ல? இனிமே பூட்டிடுங்க. ஒரு பொண்ணு ஓடிப்போனா என் தலைதான் உருளும்.’

“பூட்டு திரும்பத் தொங்குதா அத்தான்?”

“உங்கக்கா கேட்டா சொல்லிக்கிறேன். உனக்கெதுக்கு?”

மறுபடி கூடினார்கள். குழுத் தலைவர் வெயிலோ மழையோ குடையில்லாமல் வராதவர், எல்லாருக்கும் அவர் குடைக்காரர். போட்டோவைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பினார்.

“தணிக்கைக்குத் திருப்திதானாம்மா? முடிச்சிடலாமா?”

தலையாட்டினால் போதும். இத்தனை வருடமாக எல்லாரும் ஆட்டிவந்த தலைதான். அத்தான் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுப் பேச்சைச் சபையில் வைக்க அவளுக்கு நா எழவில்லை. பொய் சொல்லவும் எழவில்லை.

“போட்டோவைத்தான் பாத்தோம் ஐயா, கதவைப் பாக்கல. இன்னொண்ணு, இவர் எனக்கு அத்தான். அதனால நான் போறது முறையில்ல. நீங்களே போய்ப் பாருங்க.”

குடைக்காரர் குடையை எடுத்தார்.

“போட்டோ வழியா எந்தக் குழந்தையும் வெளிய ஓட முடியாதுதான். வண்டிய எடுக்கச் சொல்லுங்க. யாரும் போனைத் தொடவேண்டாம்.”

மாலையில் திரும்பிவந்து, அறுத்தெடுத்த பூட்டை மேசைமேல் வைத்தார். சாவி வார்டனிடமாம், வார்டன் ஊரில் இல்லையாம். அத்தான் அவளைக் கடந்து போனார், ஏறிட்டும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்காளின் போன்.

“ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா அவர்கிட்ட சொல்லியிருப்ப.”

“சொல்லியிருப்பேன்தான்.”

அக்காள் போனை வைக்கவில்லை. இவளும் வைக்கவில்லை.

உங்கள் வீட்டில் யாரும் பூட்டுக்குப் பின்னால் உறங்காதிருக்கட்டும், கண்ணுகளா. உள்ளிருந்து ஒரு சின்னக் கை தள்ளினாலே உங்கள் கதவு திறக்கட்டும். கோபித்துப் போன உறவும் அதே வழியாய்த் திரும்பி வரட்டும்.