சொன்ன விலை

பெரிய ஹோட்டலில் ரூம் போட்டாயிற்று என்று கணவர் வந்து சொன்னபோது, அவள் மெத்தை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். தையல் மிஷின் மிதியிலிருந்து கால் தானாக எழுந்துகொண்டது. வேறு எந்தப் பெண்டாட்டியாக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பாள். அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அது ஏன் என்று புரிய அந்த மனிதரைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பழைய மரச்சாமான் வாங்கி விற்கிறவர். எந்த மேசையைக் கண்டாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். சத்தம் காதில் விழுந்ததும் விலை வாயில் வந்துவிடும், அதுவும் எதிராளி மனதில் வைத்திருப்பதில் பாதி. கல்லில் நார் உரிக்கிறவர் என்று கடைத்தெருவில் பெயர். மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன வீட்டில், காபி டம்ளரைக் கீழே வைக்கிற சாக்கில் அவர்கள் டீப்பாயைத் தட்டிப் பார்த்தவர். மகள் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. வீட்டில் பிளாஸ்டிக் பை ஒன்று வந்தால் அது கழுவப்பட்டு, கொடியில் காய்ந்து, கிழிகிற வரைக்கும் உழைத்துவிட்டுத்தான் போகும்.

வருஷத்துக்கு ஒரு தடவை கடலோர ஊருக்குப் போவார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். இவர் தலையைக் கண்டதும் மேனேஜர் தன் தலையில் கை வைத்துக்கொள்வார். ஆடுகிற நாற்காலி எது என்று தேடிப்பிடித்து, அதைச் சரிசெய்து கொடுத்து, அதற்கும் சேர்த்து வாடகையில் குறைப்பார். அங்கிருந்து கடலுக்கு நடந்து போகிற வழியில்தான் அந்தப் பெரிய ஹோட்டல். ஒரு தடவை அதன் கேட்டுக்கு முன்னால் அவள் நின்றுவிட்டாள். உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, "கட்டில் இருக்கும், வேற என்ன இருக்கும், வா" என்று இழுத்துக்கொண்டு போனார்.

அதே ஹோட்டலில்தான் இப்போது ரூம் போட்டிருக்கிறார்.

அவள் கை கழுத்துக்குப் போயிற்று. போன மாதம்தான் அங்கிருந்த கட்டியை எடுத்திருந்தார்கள். தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டர் முடிவை இவருக்குத்தான் போனில் சொன்னார். இவர் கடை வாசலில் நின்று பேசிவிட்டு, முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, ஒன்றும் இல்லையாம் என்றார். அவளும் நம்பினாள். இந்த நிமிஷம் வரைக்கும் நம்பினாள்.

ஒன்றும் இல்லை என்றால் பெரிய ஹோட்டல் எதற்கு? அடுத்த வருஷமும் கூடவே இருக்கப்போகிற பெண்டாட்டிக்கு இந்த மனிதர் இப்படிச் செலவு செய்வாரா? மாட்டார். சத்தியமாக மாட்டார். அவளுக்கு அதில் துளி சந்தேகமும் இல்லை. அதுதான் பயமே.

மகளுக்குப் போன் செய்தாள். "அப்பாவா? எந்த அப்பா?" என்று மகள் சிரித்தாள். பிறகு ஒரு கணம் பேச்சில்லை. அப்புறம், போய்விட்டு வா அம்மா, நன்றாக இருந்துவிட்டு வா என்றாள். அந்த ஒரு கணத்தை அவள் அன்று முழுவதும் மனதுக்குள் புரட்டிக்கொண்டே இருந்தாள். இவளுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

நேராகக் கேட்டுவிடலாம்தான். கேட்டால் பதில் வந்துவிடுமே. அதனால் அவள் சுற்றி வளைத்துப் போனாள். இந்த மனிதரைப் பேரம் பேச வைத்துவிட வேண்டும். ஒரே ஒரு தடவை முகத்தைச் சுளித்து, "இது ரொம்ப அநியாயம்" என்று சொல்லிவிட்டார் என்றால் போதும், அவள் பிழைத்தாள்.

சாப்பிடும்போது ஆரம்பித்தாள். "நமக்கு அந்த லாட்ஜே போதுங்க. தூங்குற நேரத்துக்கு எதுக்கு இவ்வளவு காசு? கண்ண மூடிட்டா எல்லா ரூமும் ஒண்ணுதான்." இது அவருடைய சொந்த வாக்கியம். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம்.

அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "இந்தத் தடவை கண்ணத் திறந்து வச்சுக்கிட்டு இருப்போம்."

அவள் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டாள்.

கிளம்புகிற அன்று பஸ்ஸுக்குப் பதில் டாக்ஸி. டிரைவர் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொன்னார். சொல்லிவிட்டு, பதிலுக்குச் சண்டையை எதிர்பார்த்து ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இவரோ கதவைத் திறந்து அவளை முதலில் ஏறச் சொன்னார். டிரைவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வழியெல்லாம் கண்ணாடியில் இவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஹோட்டல் வரவேற்பறையில் ஒற்றை மரத்தில் இழைத்த மேசை ஒன்று, நாலு பேர் படுத்து உருளலாம் போல இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கையைப் பார்த்தாள். தட்டுங்க, ஒரு தட்டாவது தட்டுங்க என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். அவர் கையை ஜிப்பாவின் பக்கப் பைக்குள் விட்டுக்கொண்டு மேசையைத் தாண்டி நடந்தார். பைக்குள் கை முஷ்டியாகப் புடைத்துக்கொண்டிருந்தது.

வரவேற்பில் இருந்த பெண் சிரித்த முகம். ஏதாவது விசேஷமா, கல்யாண நாளா, பிறந்த நாளா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்று இவர் அவசரமாகச் சொன்னார். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொடுத்தால் கடல் பார்த்த அறையே தருவதாக அந்தப் பெண் சொன்னாள். "கொஞ்சம்" என்ற வார்த்தையைக் கேட்டாலே சண்டைக்குத் தயாராகிற மனிதர், சரி என்று தலையாட்டினார்.

அறைக்குள் எல்லாமே வெள்ளை. படுக்கை, திரை, துண்டு எல்லாம் வெள்ளை வெளேரென்று ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்தின. ஜன்னல் முழுக்கக் கடல். எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்ட அறைக்குள் நின்றுகொண்டு, இதை ஒரே ஒரு தடவைதான் பார்க்கப்போகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். குளியலறையில் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுற்றி ஏகப்பட்ட வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். இந்தப் பக்கம் கொஞ்சம் வீங்கின மாதிரி இருந்தது. மறுபக்கமும் அப்படித்தான் இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

மறுநாள் காலைச் சாப்பாடு. எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பழைய மனிதராக இருந்தால் கொடுத்த காசுக்கு மேல் தின்று தீர்த்து, இரண்டு ரொட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டும் வந்திருப்பார். இவர் ஒரு துண்டுப் பழத்தை வைத்துக்கொண்டு கொறித்தார். அவள் தட்டை மட்டும் நிரப்பி நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார். "சாப்பிடும்மா" என்று அவர் சொன்ன குரலில் இருந்த மென்மை அவளை நடுங்க வைத்தது. முப்பது வருஷமாக இந்தக் குரல் எங்கே இருந்ததாம்?

சாப்பிட்டுவிட்டு மேலே போகும்போது லிஃப்டில் ஒரு அம்மாள் பேச்சுக் கொடுத்தார். நீங்கள் என்ன வாடகை கொடுக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டு, ஐயோ பாவம், நாங்கள் சும்மா ஒரு வார்த்தை கேட்டோம், உடனே குறைத்துவிட்டார்களே என்றார்.

அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. இதற்கு மேல் ஒரு சோதனை தேவையே இல்லை. அடுத்தவன் குறைவாகக் கொடுத்தான் என்று தெரிந்தபிறகு இந்த மனிதரால் சும்மா இருக்க முடியுமா? திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நெற்றியில் வியர்வை பூத்திருந்தது.

"கேட்டீங்களா? வாங்க, கீழ போய் ஒரு வார்த்தை கேப்போம்."

"வேண்டாம்மா. பேசாம வா."

"நீங்க வராட்டி நான் போய்க் கேக்குறேன்."

மேலே லிஃப்ட் நின்று கதவு திறந்ததும் அவள் இறங்காமல் கீழே போகிற பொத்தானை அழுத்திவிட்டாள். அந்த அம்மாள் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டார். கீழே கதவு திறந்ததும் அவள் வரவேற்பை நோக்கி வேகமாக நடந்தாள். அவர் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கை சில்லிட்டிருந்தது.

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பக்கத்திலிருந்த சோபாவில் அப்படியே உட்கார்ந்தாள்.

"எனக்கு எத்தன நாள்னு சொன்னாங்க?"

அவர் விழித்தார். "என்னது?"

"டாக்டர் என்ன சொன்னார்? மறைக்காம சொல்லுங்க. மகளுக்கும் தெரியும் போல. எனக்குத்தான் தெரியல."

அவர் அவளருகே பொத்தென்று உட்கார்ந்தார். "அடிப்பாவி" என்றார். "உனக்கு ஒண்ணுமில்லடி. ஒண்ணுமே இல்ல."

அவள் நம்பவில்லை. ஒன்றும் இல்லாதவளுக்கு இந்த ஹோட்டல் எதற்கு, அந்த டாக்ஸி எதற்கு, ஒரு மேசையைக்கூடத் தட்டாமல் பைக்குள் கையை ஒளித்து வைப்பது எதற்கு என்று அடுக்கினாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். உன்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு ஆஸ்பத்திரி மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன் என்று ஆரம்பித்தார். எனக்குச் சாமி பூதம் எதுவும் பழக்கமில்லை, யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை என்றார். இந்தக் கேட்டுக்கு முன்னால் அவள் நின்றதுதான் அப்போது ஞாபகம் வந்ததாம்.

"அந்த மாடிப்படிகிட்ட சொன்னேன். இவ நல்லபடியா வந்துட்டா அந்த ஹோட்டல்ல தங்க வைக்கிறேன். சொன்ன விலையக் கொடுக்குறேன். போறப்போ வர்றப்போ எதுலயும் ஒத்தக் காசு குறைச்சுக் கேக்க மாட்டேன்னு." கையை வெளியே எடுத்துக் காட்டினார். "மரத்தத் தட்டினா வாய்ல விலை வந்துரும். அதான் பைக்குள்ள வச்சிருக்கேன். நீ என்னடான்னா அங்க குறைக்கச் சொல்லு, இங்க குறைக்கச் சொல்லுன்னு என் உயிர வாங்குற. ஒவ்வொரு தடவையும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

அவள் அவரையே பார்த்தாள். இத்தனை நாளும் அவள் பிழைப்பதற்காக அவரைப் பேரம் பேசச் சொன்னாள். அவள் பிழைக்க வேண்டுமே என்று அவர் பேசாமல் இருந்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

அப்படியும் சந்தேகம் முழுசாகப் போகவில்லை. டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுங்கள் என்றாள். அவர் போட்டுக் கொடுத்தார். டாக்டரின் அறைக்கு வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள் போல, குரலில் எரிச்சல். அன்றைக்கே சொன்னேனே, சாதாரணக் கட்டிதான், பயமே வேண்டாம் என்றார். வைக்கப்போகிற நேரத்தில், "ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ வந்து காட்டிட்டுப் போங்க, சும்மா ஒரு செக்கப்தான்" என்றார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கணவரைத் திட்டித் தீர்த்தாள். மனதில் இருப்பதை முன்னாடியே சொன்னால் வாய் தேய்ந்தா போய்விடும், இத்தனை நாள் நான் செத்துச் செத்துப் பிழைத்தேனே என்றாள். அவர் எல்லாவற்றையும் சுகமாக வாங்கிக்கொண்டார். சாயங்காலம் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். கட்டில் தவிர வேறென்ன இருக்கிறது என்று அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். ஆறு மாதம் என்பதைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

கிளம்புகிற காலையில் பில் வந்தது. கடைக் கணக்கை எழுதுகிறவள் அவள்தான், ஒரே பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் குடிக்காத பழரசம், போகாத மசாஜ் எல்லாம் அதில் இருந்தன. அவர் பார்வையும் அதே வரிகளில்தான் நின்றது. கை பைக்குள் இருந்தது.

அவள் வாயைத் திறந்தாள். நியாயமாகக் கேட்க வேண்டிய காசுதான். இது பேரம் இல்லை, ஏமாளித்தனம் வேண்டாம் என்று மனது சொன்னது. ஆனால் கழுத்துத் தழும்பில் லேசாக ஓர் அரிப்பு. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குள் சிரித்த முகப் பெண்ணே கவனித்துவிட்டாள். முகம் சிவந்து, "மன்னிச்சுக்கங்க, இது பக்கத்து ரூம் கணக்கு, தப்பா சேர்ந்துருச்சு. இப்பவே குறைச்சுடறேன்" என்று பில்லை வாங்கக் கை நீட்டினாள்.

"குறைக்காதீங்க!"

இருவரும் ஒரே குரலில் கத்திவிட்டார்கள். வரவேற்பறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள்.

அவள்தான் முதலில் சுதாரித்தாள். "பரவால்லம்மா, அப்படியே இருக்கட்டும்" என்று கெஞ்சுகிற குரலில் சொல்லி, பில்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவர் சொன்ன விலையைக் கொடுத்தார். பிறகு அந்தப் பெரிய மேசையைத் தாண்டி வாசலுக்கு நடந்தார்கள். அவர் கையைப் பைக்குள் விட்டிருந்தார். அவளும் அந்தப் பைக்குள்ளேயே தன் கையையும் விட்டு, அவர் முஷ்டியை இறுக்கப் பிடித்துக்கொண்டாள்.