சுவீடன்காரருக்கு வைத்த டெஸ்ட்

என் வீட்டுக்காரர் பொன்னுராஜ் என்னை ஒன்றரை வருஷமாக ஃபெயிலாக்கிக்கொண்டிருந்தார். படிப்பில் இல்லை, கார் ஓட்டுவதில்.

போடி பஜாரில் எங்களுக்கு ஏலக்காய் மண்டி. மண்டிக்கு ஒரு அம்பாசடர். நானும் ஓட்டிப் பழகுகிறேன் என்று கேட்டபோது அவர் மறுக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். எல்.எல்.ஆர். எடுத்துக் கொடுத்தார். முன்னும் பின்னும் எல் போர்டு மாட்டினார். கிளட்ச் எது, பிரேக் எது என்று பொறுமையாகவே சொல்லிக்கொடுத்தார். ஆனால் லைசென்ஸ் வாங்க இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும் இல்லையா? அங்கே போய் நான் மானத்தை வாங்கிவிடக் கூடாதாம். அதனால் முதலில் தாமே ஒரு டெஸ்ட் வைப்பாராம். அதில் பாஸானால்தான் இன்ஸ்பெக்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை, மத்தியானம் கறிச்சோறு, சாயங்காலம் டெஸ்ட். தேனி ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வர வேண்டும். வந்து நிறுத்தியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஃபெயிலு" என்பார். ஒரு வாரம் ஹாரன் அதிகம் அடித்துவிட்டேன். மறுவாரம் ஹாரன் போதவில்லை. ஒரு தடவை எதிரே வந்த பாஸ்டரம்மாவுக்கு ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன். பின்னால் வந்த லாரிக்காரன் நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன் என்று நினைத்திருப்பானாம். ஒரு தடவை வளைவில் சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு ஃபெயிலாக்கிய வாத்தியாரை உலகத்தில் வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

எனக்கு இருந்த ஆசை பெரிய ஆசை இல்லை. கடமலைக்குண்டில் என் அக்கா சொர்ணலதா இருக்கிறாள். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி பஸ் மாறி, தலை பூராவும் புழுதியாகப் போய் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் இவருக்கு மண்டியில் ஓய்வு கிடைக்கிற வரை காத்திருக்க வேண்டும். யாரையும் கேட்காமல், நினைத்த அன்று நானே போக வேண்டும். அவ்வளவுதான். அதற்கு இந்தப் பாடு.

இப்படி இருக்கும்போதுதான் எழுபத்தைந்தாம் வருஷம் ஜனவரி மாதம் சுவீடனிலிருந்து ஸ்வென்சன் வந்து இறங்கினார். ஏலக்காய் வாங்குகிறவர். அவர்கள் ஊரில் இனிப்பு ரொட்டிக்குள் ஏலக்காய் போடுவார்களாம். மண்டிக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களுக்கு நான்தான் பதில் எழுதுவேன் என்பதால், ஆளைப் பார்க்கும் முன்பே எனக்கு அவரைத் தெரியும். நல்ல உயரம், வெயிலில் சிவந்த மூக்கு, எதற்கெடுத்தாலும் நன்றி. போடிமெட்டுக்கு மேலே எங்களுக்குச் சரக்கு தருகிற தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மலை ரோட்டில் காரைத் தானே ஓட்டிப் போக ஆசை என்றும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் உடனே சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

எனக்கு உச்சந்தலையில் சுருக்கென்றது. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பது இதுதான். இவரை அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

"அவருக்கு டெஸ்ட்டு இல்லையா?"

"கூறு இருக்கா ஒனக்கு? காரு கண்டுபுடிச்ச சனத்துக்கு நாம டெஸ்ட்டு வைக்கிறதா? எல்லா தேசத்துக்கும் செல்லுற லைசென்சு வச்சிருக்காக. சாம்பக் கலர்ல, புஸ்தகம் மாதிரி. நானே பாத்தேன்."

"புஸ்தகத்துல போடிமெட்டு வளைவு போட்டிருக்கா? அவுக ஊர்ல எந்தப் பக்கமா ஓட்டுவாக? அதைக் கேளுங்க மொதல்ல."

கேட்டோம். ஸ்வென்சன் உற்சாகமாகிவிட்டார். முன்பெல்லாம் நம்மைப் போல இடப்பக்கம்தானாம். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் விடியற்காலையில் நாடே வலப்பக்கம் மாறிவிட்டதாம். ரோட்டில் இருந்த வண்டிகளெல்லாம் நின்று, மெதுவாக அந்தப் பக்கம் போய், மறுபடி கிளம்பினவாம். இவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். எங்கள் பஜாரில் ஒரு மாட்டு வண்டியை ஓரங்கட்ட அரை நாள் ஆகும். அங்கே ஒரு தேசத்தையே ஓரங்கட்டியிருக்கிறார்கள்.

"கேட்டீகளா?" என்றேன் தமிழில். "சின்னதுல பழகுனது எடது. இப்ப பழகுறது வலது. வளைவுல திடுதிப்புனு லாரி வந்தா கை எந்தப் பக்கம் போகும்னு கர்த்தருக்குத்தான் வெளிச்சம். பக்கத்து சீட்டுல உக்காரப் போறது நீங்க."

காரும் போய், ஆர்டரும் போய், தாமும் போகிற காட்சி இவர் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். தயங்கித் தயங்கி, தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னார். ஸ்வென்சன் கோபப்படவில்லை. "ரொம்ப நியாயம்" என்றார். "என் நாட்டில் டெஸ்ட் இல்லாமல் யாருக்கும் சாவி கிடையாது. அந்நியனுக்குக் கட்டாயம் வைக்க வேண்டும்."

டெஸ்ட் வைப்பவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் சாட்சிக்குப் பின் சீட்டில் ஏறினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

பஜாருக்குள்ளேயே வினை ஆரம்பித்தது. ஸ்வென்சன் எல்லாருக்கும் நின்று வழிவிட்டார். எங்கள் ஊரில் வழிவிட்டால் போவார்களா? இவன் ஏன் நிறுத்தினான் என்று அவர்களும் நின்று, காருக்குள் எட்டிப் பார்த்தார்கள். தள்ளுவண்டிக்காரர் பழம் வேண்டுமா என்று கேட்டார். ஒரு ஆடு பானெட்டில் முன்கால் வைத்து நின்றது.

"ஹாரன் சார், ஹாரன்!" என்று இவர் கெஞ்சினார்.

தங்கள் நாட்டில் ஹாரன் அடித்தால் திட்டுவது போல என்றார் ஸ்வென்சன். இங்கே அது கும்பிடு போடுவது போல என்று இவர் விளக்கினார். அதற்குப் பிறகு மனிதர் பெட்டிக்கடை, மின்கம்பம், எருமை எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கும்பிடு போட்டுக்கொண்டே தேனி ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வருவதற்குள் ரோட்டில் கொள்ளு போட்டிருந்தார்கள். காய்ந்த கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் கனமாகப் பரப்பிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். போகிற வருகிற வண்டியெல்லாம் மேலே ஏறினால் நெற்று வெடித்துக் கொள்ளு உதிரும். களம் வேண்டாம், மாடு வேண்டாம். சந்தனம்மாள் என்கிற விவசாயப் பெண்பிள்ளை கையில் விளக்குமாற்றோடு ஓரத்தில் நின்றாள். வானம் மூடிக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் தூறல் விழும் போல இருந்தது.

ஸ்வென்சன் கொள்ளுக்கு முன்னால் நிறுத்தி, இன்ஜினையும் அணைத்தார்.

"போகலாம் சார்" என்றார் இவர்.

"அது சாப்பாடு" என்றார் ஸ்வென்சன். "சாப்பாட்டின் மேல் நான் டயரை ஏற்ற மாட்டேன்."

அதற்குள் சந்தனம்மாள் ஓடி வந்துவிட்டாள். "ஏலே, யாருடா அது நட்ட நடுவுல நிப்பாட்டினது? மானம் கருத்துக்கிட்டு வருது, ஏத்துய்யா! ஏத்தினா என்ன, காரு தேஞ்சா போகும்?" பிறகுதான் ஆளைப் பார்த்தாள். "ஆத்தாடி, வெள்ளக்காரரா! ஏத்துங்க சாமி, புண்ணியமாப் போகும்."

அவள் திட்டியதும் கெஞ்சியதும் ஒரே குரலில் இருந்ததால், கொள்ளின் மேல் ஏற்றாதே என்று மன்றாடுவதாக அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, பயப்படாதே அம்மா, ஏற்ற மாட்டேன் என்றார். பின்னால் போடிமெட்டு பஸ் வந்து நின்றது. டிரைவர் பலவேசம் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

"சார், ஃபெயில்" என்றார் இவர் வருத்தமாக. "எறங்குங்க. எப்படிப் போகணும்னு காட்டுறேன்."

சீட் மாறினார். சுவீடன்காரர் ரோட்டோரம் நின்று கவனித்தார். பஸ் ஜனம் ஜன்னலில் கழுத்தை நீட்டியது. இத்தனை பேர் பார்க்கும்போது மெதுவாகப் போக இவருக்கு மனசு வருமா? விர்ரென்று எடுத்தார். பாதிக் கொள்ளில் போகும்போது, பொறுக்கித் தின்ன வந்த ஒரு கோழி குறுக்கே ஓடியது. பிரேக்கை மிதித்தார்.

கொள்ளுத் தாளின் மேல் பிரேக்கைத் தொடவே கூடாது. எண்ணெயில் கால் வைத்தது போல வழுக்கும். போன ஞாயிற்றுக்கிழமை நான் இதே ரோட்டில் கிடந்த கொள்ளை முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல் கடந்தேன். ஆமை வேகம் என்று அதற்கும் ஃபெயில் போட்டார். இப்போது கார் ஒரு சுற்றுத் திரும்பி, பின்சீட்டில் என்னையும் ஒரு உருட்டு உருட்டி, முன்சக்கரத்தை ஓரத்து வாய்க்காலில் இறக்கி நின்றது. கோழி அந்தப் பக்கமாகப் போய்விட்டது.

எனக்கு அடி படவில்லை. சிரிப்புத்தான் தாங்கவில்லை, சேலையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன்.

பஸ் ஜனம் இறங்கி வந்தது. முன்னாலிருந்து தள்ளினால்தான் வரும் என்று பலவேசம் சொன்னதும் இவர், ஸ்வென்சன், எல்லா ஆண்பிள்ளைகளும் சேற்றில் இறங்கினார்கள். ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். மிச்சம் இருந்தது நான்தான். போய் உட்கார்ந்தேன், ரிவர்ஸ் போட்டேன், அவர்கள் தள்ளினார்கள், கார் மேலே வந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முதல் கியரைப் போட்டு, பிரேக் பக்கம் காலே வைக்காமல், கொள்ளின் மேல் போனேன். அந்தக் கோடியில் திருப்பி மறுபடி வந்தேன். மற்ற வண்டியெல்லாம் ஒரே தடத்தில் போய்விடும். ஓரத்துக் கொள்ளு அப்படியே கிடக்கும். நான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி ஏற்றினேன். சந்தனம்மாளுக்குப் பூரிப்பு.

"அங்கன ஏத்து தாயி! அந்த ஓரத்துல! இப்ப இங்கன வா!"

கீழே பலவேசம் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. "அண்ணாச்சி, அக்கா எப்ப லைசென்சு எடுத்தாக?"

"எடுக்கல. எல் போர்டு."

"நெசமாவா? யாரு பழக்குனது?"

"நாந்தான்."

பலவேசம் வாய்க்காலைப் பார்த்தார், இவர் முழங்கால் சேற்றைப் பார்த்தார். "நல்ல வேளை, ஒங்களைப் பாத்துப் பழகல" என்றார்.

ஸ்வென்சன் தன் முடிவைத் தானே எடுத்துக்கொண்டார். இந்த ரோட்டுக்குத் தான் இன்னும் தயாராகவில்லை, பஸ்ஸிலேயே மலை ஏறுகிறேன் என்றார். பலவேசம் அவரை முன்சீட்டில் உட்காரவைத்தார். எங்களை மெட்டில் சந்திப்பதாகச் சொல்லி, எல்லாருக்கும் நன்றி சொல்லி, கோழி போன திசைக்கும் ஒரு புன்னகை செய்துவிட்டுப் போனார்.

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். இவர் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். சாவியைக் கேட்கவில்லை.

"ரிசல்ட்டு சொல்லுங்க" என்றேன்.

இவர் வேட்டியில் இருந்த சேற்றைச் சுரண்டினார்.

"சொல்லாம வண்டி நகராது. அவுக மெட்டுல ஒத்தையில நிக்கட்டும்."

"பாஸு" என்றார்.

"இன்னைக்கா?"

"போன ஈஸ்டருக்கே பாஸு."

ஈஸ்டருக்கே! அதற்கப்புறம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை! எத்தனை ராத்திரி படுக்கையில் கிடந்து, எந்த இடத்தில் தப்புச் செய்தேன் என்று யோசித்திருப்பேன்! இவரை அந்த வாய்க்காலிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"அப்பறம் ஏன் சொல்லல? பொம்பளை ஓட்டினா கவுரவம் கொறைஞ்சு போகுமோ?"

"அது இல்ல செல்வி." என்னைப் பார்க்காமல் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துப் பேசினார். "வாரம் பூராவும் மண்டி. வீட்டுக்கு வந்தா ஒங்க அக்கா மகன், எங்க சித்தப்பா, யாராவது ஒருத்தர். நாம ரெண்டு பேரு மட்டும் உக்காந்து பேசுறது இந்தக் காருலதான். நீ பாஸாயிட்டா நீ பாட்டுக்குப் போயிருவ. என்னைய யாரு கூப்பிடுவா?"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோபம் எங்கேயும் போய்விடவில்லை, அது அப்படியே இருந்தது. ஆனால் அதன் பக்கத்திலேயே சந்தோஷமும் வந்து உட்கார்ந்துகொண்டது. அழுகையும் வந்தது, அதை மட்டும் அவருக்குக் காட்டவில்லை.

"கூட வர்றேன்னு சொன்னா வாய் வெந்துருமா?" என்றேன். "அதுக்கு ஒருத்தியை ஃபெயிலாக்கிட்டே இருப்பாகளா?"

"தப்புத்தான்."

"அடுத்து இன்ஸ்பெக்டரு தேனிக்கு வர்ற அன்னைக்கு என்னையக் கூட்டிட்டுப் போறீக."

"போறேன்."

சாவியைத் திருப்பினேன். முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தது. சந்தனம்மாள் கொள்ளைக் கூட்டி அள்ளி முடித்திருந்தாள். இவர் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப, ஞாயித்துக்கிழமை?"

"நீங்க ஃபெயிலு" என்றேன். "வர்ற வாரமும் வந்து உக்காருங்க, பாப்போம்."