எரிக்காத தாள்

தப்பு உன்னுடையது. கும்பிட்டு முடித்ததும் எரிக்க வேண்டிய தாளை எரிக்காமல், சட்டைப் பையில் செருகிக்கொண்டு உன் ஊர் புசானுக்கு விமானம் ஏறியவன் நீ. அன்றிலிருந்து உன் கொள்ளுத்தாத்தா என் பழக்கடையில்தான் இருக்கிறார்.

முன்னோருக்குப் படைக்கும் சூசோக் பௌர்ணமி காலையில் எங்கள் ஸ்ரீபெரும்புதூர் குடியிருப்பில் கொரியாக்காரர்கள் எல்லோரும் வாசல் கதவைத் திறந்து வைப்பார்கள். செத்துப்போன பெரியவர்கள் படியேறி வருவார்கள். லிஃப்ட் அவர்களுக்குப் பழக்கமில்லை. தன் பேர் எழுதிய தாள் எந்த வீட்டில் இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வீட்டார் இரண்டு முறை விழுந்து கும்பிட்டுத் தாளை எரிப்பார்கள். அந்தப் புகையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் ஊர் திரும்புவார்கள். இதில் ஒரு சிக்கலும் கிடையாது. ஏழு வருஷமாக அங்கே பழம் போடுகிறேன், எனக்குத் தெரியும்.

படையலில் சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளைப் பழம் மேற்கே. நீ ஆப்பிளை மேற்கே வைத்திருந்தாய், நான்தான் மாற்றினேன். சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்தினாய். கும்பிட்டாய். தீப்பெட்டியை நீட்டியதும் நான்தான். அந்த நேரம் பார்த்து உனக்கு போன் வந்தது. 'ஒரு நிமிஷம்' என்று விரலைக் காட்டிவிட்டுப் படியிறங்கினாய். அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை.

புகை இல்லாததால் பெரியவர் என் லோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டார். வெள்ளை உடுப்பு, தலையில் கறுப்பு வலைத்தொப்பி. உயிரோடு இருந்த காலத்தில் மாட்டுத் தரகராம். முதல் நாளே என் தோள் துண்டை உருவி, என் கையை மூடி, உள்ளே விரலைப் பிடித்தார். எங்கள் மாட்டுச் சந்தையிலும் பேரம் அப்படித்தான். அதற்குப் பாஷை தேவையில்லை.

"அமாவாசைக்கு முன்னால் இடத்தைக் காலி பண்ணுங்க" என்று விரலால் சொன்னேன். தாள் எரியும்வரை நகர மாட்டேன் என்று பதிலுக்கு அழுத்தினார். நான் கோயம்பேட்டில் மூட்டை தூக்கி, ஏமாந்து, அடிபட்டுப் பேரம் கற்றவன். தினமும் அவரிடம் தோற்றேன்.

மகாளய அமாவாசைக்கு என் அப்பா ஏகாம்பரம் வருவார். காக்காயாக வருவார். இடது காலில் இரண்டே விரல். வருஷத்துக்கு அந்த ஒரு வேளைச் சாப்பாடுதான் அவருக்கு. அன்று காலை என் வீட்டுக்காரி தனபாக்கியம் இலையைக் கழுவி மொட்டை மாடியில் போட்டாள். பெரியவர் வந்து அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏங்க, மாமாவுக்கு எங்க இலை போடுறது?"

"பக்கத்துல இன்னொண்ணு போடேன்."

"ஒரு வீட்டுக்கு ஒரு இலைதான். மாமா வெச்ச சட்டம், ஞாபகம் இருக்கில்ல?"

"அப்ப மிளகாயைக் கிள்ளிப் போடு. அவங்க படையல்ல மிளகாய் ஆகாது. எழுந்திருச்சிடுவார்."

போட்டாள். பெரியவர் மிளகாயை இலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சாம்பாரைப் பிசைந்தார்.

"ரெண்டு வாரமா நம்ம வீட்டுச் சாப்பாடு. பழகிட்டாருங்க" என்றாள்.

உனக்கு ஆறு தடவை போன் போட்டேன். நீ எடுக்கவில்லை.

அப்பா கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்தார். இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்தவில்லை. அவர் கோபம் எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோதும் கத்தாத கோபத்துக்குத்தான் நான் பயப்படுவேன். பெரியவர் எழுந்து போய்ச் சுவரில் துண்டை விரித்தார். அப்பா இடது காலை உள்ளே விட்டார். துண்டு மேலும் கீழும் அசைந்தது. தனபாக்கியம் கையில் அன்னக்கரண்டியோடு நின்றாள்.

பேரம் படிந்தது. அப்பா ஒரு பருக்கையைத் தொடவில்லை. விளக்குப் பக்கத்திலிருந்த தீப்பெட்டியைக் கவ்விக்கொண்டு கிழக்கே பறந்தார்.

"என்னங்க முடிவாச்சு?" என்று பெரியவரின் விரலைப் பிடித்தேன். இலை அவருக்காம். புசானில் காலியாகக் கிடக்கும் அவருடைய இடம், தாள் எரியும்வரை அப்பாவுக்காம்.

நேற்று உன் மனைவி ஒரு படம் அனுப்பியிருந்தாள். பத்தொன்பதாவது மாடி, துணி உலர்த்தும் கம்பி, அதில் ஒரு காக்காய். இந்தியாவில் இதை எப்படி விரட்டுவீர்கள் என்று கேட்டிருக்கிறாள். உங்கள் ஊரில் காக்காய் கெட்ட சகுனமாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது காலில் இரண்டு விரல்.

துடைப்பத்தை முதலில் கீழே வைக்கச் சொல். ஒரு பிடி சோறு வை. மிளகாய் இல்லாமல் அப்பா வாய் வைக்க மாட்டார், அதனால் உங்கள் வழக்கத்தை ஒரு வேளைக்கு விடு. அவர் சாப்பிட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து தாளை எடு. தீப்பெட்டி இல்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. அவர் அலகில் இருக்கிறது. வாங்கி, எரி.