இடப்பக்கம் சுற்றிய ஹட்சுமி

2009 ஒக்டோபரில் ஓபர்மாட்டுக்கு வந்து இறங்கியபோது ஹட்சுமி ஒகுமுராவுக்கு வயது முப்பத்திரண்டு. 2014 மார்ச்சில் அவளுக்கு வயது பத்தொன்பது. அந்த ஐந்து குளிர்காலங்களில் ஊரில் வேறு பெரிய மாற்றம் எதுவுமில்லை; தபாற்கந்தோரை மூடினார்கள், பேக்கரி கைமாறியது, பஸ் அரைமணிக்கு ஒன்றாகியது.

ஓபர்மாட் சுவிஸ் மலைக்குள் ஒளிந்திருக்கும் சிற்றூர். நானூறு மீட்டர் சுற்றளவுள்ள ஒரு திறந்தவெளி ஐஸ் தடம்தான் அதற்கிருக்கும் ஒரே பெருமை. ஹட்சுமி ஹொக்கைடோவில் மாட்டுப்பண்ணைக்காரரின் மகள். பத்து வருடம் ஒரு கம்பனியின் ஸ்கேட்டிங் அணிக்காக ஓடினாள், அணியைக் கலைத்துவிட்டார்கள். இரண்டு சோடி ஸ்கேட்டுகளோடு வந்தவளுக்கு ஒரேயொரு ஆசை இருந்தது: ஐயாயிரம் மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதுவரை அவள் ஓடியதில் சிறந்த நேரம் ஏழு நிமிடமும் முக்கால் செக்கனும். ஒரு தும்மலுக்கு ஆகும் நேரம்தான் அவளுக்கும் அவள் ஆசைக்கும் நடுவே நின்றது.

அந்தத் தடத்தின் ஐஸைப் பார்த்துக்கொண்டவள் செல்வராணி. 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பத்து வருடம் அங்கே உடைமாற்றும் அறைகளைக் கழுவி, பிறகு ஐஸை மெழுகும் மெஷினை ஓட்டப் பழகியவள். அந்த மெஷினை அவள் வலப்பக்கமாக மட்டுமே ஓட்டுவாள். மனேஜர் இரண்டு முறை காரணம் கேட்டுவிட்டு, ஐஸ் கண்ணாடி மாதிரி இருந்ததால் மூன்றாம் முறை கேட்கவில்லை. ஹட்சுமிக்கு ஜெர்மன் கடைசிவரை வாய்க்குள் நுழையவில்லை. ஆனால் செல்வராணியோடு தினமும் தேநீர் குடித்ததில் தமிழ் நுழைந்துவிட்டது, அதுவும் அசல் யாழ்ப்பாணத் தமிழ்.

அவள் ஓடும் அழகைச் சொல்ல வேண்டும். முதுகைத் தாழ்த்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றையும் முப்பத்துநான்கு செக்கனுக்குச் சற்று முன்னால் முடிப்பாள். முதற் சுற்றும் அதுதான், பன்னிரண்டாம் சுற்றும் அதுதான். செல்வராணி மெஷினை நிறுத்திவிட்டு வாய்பிளந்து நிற்பாள். முதற் குளிர்காலம் முடிய ஹட்சுமியின் பழைய முழங்கால் நோவு போயிற்று. இரண்டாவதில் மூக்குக்கண்ணாடி தேவைப்படவில்லை. மூன்றாவதில், எப்போதோ பிடுங்கிய கடைவாய்ப்பல் திரும்ப முளைத்தது. வதிவிட பெர்மிட் புதுப்பிக்கப் போன இடத்தில் அதிகாரி அவளையும் பழைய படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிறந்த ஆண்டைத் தொடாமல் படத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது செல்வராணிதான். “கோயில்ல இப்பிடிச் சுத்தினால் ஐயர் கலைச்சுத் துரத்திவிடுவார். நீ நாள் முழுக்க இடப்பக்கமாச் சுத்துறாய் பிள்ளை. திருகாணியை இடப்பக்கம் திருப்பினால் கழலாமல் என்ன செய்யும்?” என்றாள். உலகத்தில் எல்லா ஸ்கேட்டிங் வீரர்களும் இடப்பக்கமாகத்தான் சுற்றுகிறார்கள் என்றாள் ஹட்சுமி. உண்மைதான், ஆனால் அவர்கள் நாற்பது சுற்றோடு கோப்பி குடிக்கப் போய்விடுவார்கள். இவள் தினம் நூறு சுற்று, சில நாள் நூற்றிருபது. அங்கே பழக வந்த ஒல்லாந்துக்காரர் ஒருவருக்கும் வழுக்கையில் நாலைந்து மயிர் முளைக்கத்தான் செய்தது.

வயது குறைகிறதென்றால் யாருக்குக் கசக்கும்? ஹட்சுமிக்கும் கசக்கவில்லை. ஆனால் ஏழு நிமிடம் கிட்ட வருவதற்குப் பதிலாகத் தூரப் போயிற்று. ஏழு நிமிடம் ஐந்து செக்கன், பிறகு பதினொன்று. 2003இல் விழுந்து முழங்காலில் பட்ட வடு ஒருநாள் காணாமற்போனது. அந்த விழுகை கற்றுக்கொடுத்த நிதானமும் அதோடு போயிற்று. பத்தொன்பது வயதுக் கால்கள் முதல் நாலு சுற்றையும் காற்றாய்க் கடந்துவிட்டு, பத்தாம் சுற்றில் நாக்குத் தள்ளி நின்றன. எவ்வளவு அருமையான ஓட்டக்காரி, கண்முன்னால் கற்றுக்குட்டியாகிக்கொண்டிருந்தாள்.

அந்த மார்ச்சில், ஐஸ் உருகத் தொடங்கிய ஒரு மத்தியானம், ஹட்சுமி அன்போடுதான் கேட்டாள்: “அக்கா, நீங்களும் என்னோட சுத்துங்கோவன். இருபது வயசு குறையும்.”

செல்வராணி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். “வேண்டாம் பிள்ளை. இருபது வயசைக் கழட்டினால் நான் திரும்பவும் அங்க, குண்டுக்கு ஒளிச்சிருந்த பங்கருக்குள்ள. முதல்ல இருந்து ஓடி வர என்னால ஏலாது. பட்டது பட்டதாவே கிடக்கட்டும். அதாலதான் நான் இஞ்ச இருக்கிறன்.”

ஹட்சுமி தன் வடுவில்லாத முழங்காலைத் தடவினாள். பிறகு எப்போதும் வலப்பக்கமாகவே சுற்றும் அந்த மெஷினைப் பார்த்தாள்.

அடுத்த குளிர்காலம் காலையில் நாற்பது சுற்று இடம், பின்னேரம் மெஷினுக்குப் பின்னால் நூற்றிருபது சுற்று வலம் என்று ஆயிற்று. வாழ்நாள் முழுக்க இடப்பக்கம் வளைந்த கால்கள் வலப்பக்கம் வளைய மறுத்தன. நடக்கப் பழகும் குழந்தை மாதிரி தொப்புத் தொப்பென்று விழுந்தாள், சிரித்துக்கொண்டே எழுந்தாள். கழன்றதைவிட வேகமாக வருடங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. டிசம்பரில் கடைவாய்ப்பல் தானாக விழுந்தது. முழங்கால் வடு வந்தது. முழங்கால் நோ வந்த அன்று கடையில் சொக்லேட் வாங்கித் தடத்திலிருந்த எல்லோருக்கும் கொடுத்தாள்; எல்லோரும் வாழ்த்திவிட்டுத் தின்றார்கள்.

2015 பெப்ரவரியில் ஓபர்மாட்டில் நடந்த போட்டியில் ஹட்சுமிக்கு வயது முப்பத்தேழு. ஓட்டத்தில் பன்னிரண்டரைச் சுற்று வயது கழலுமென்று முதல்நாளே பதின்மூன்று சுற்று மேலதிகமாக வலம் வந்திருந்தாள். உடன் ஓடிய இளம்பெண் முதற் சுற்றிலேயே இருபது மீட்டர் முந்திப் பறந்தாள். ஹட்சுமி அசையவில்லை. முப்பத்துமூன்றரைச் செக்கன், மறுபடி முப்பத்துமூன்றரை. எட்டாம் சுற்றில் அந்தப் பெண்ணைப் பிடித்தாள், ஒன்பதாவதில் கடந்தாள். பத்தாவதில் முழங்கால் நொந்தது. அந்த நோ அவளுக்குப் பழக்கமானது, அதை எங்கே தாங்கி எங்கே விட வேண்டுமென்று அவளுக்குத் தெரியும். மெஷினின் சுக்கானைப் பிடித்தபடி செல்வராணி சுற்றுகளை உரக்க எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆறு நிமிடம் ஐம்பத்தொன்பது செக்கன்.

செல்வராணி வெட்கப்படாமல் அழுதாள். ஹட்சுமி நேரே அவளிடம் வந்து, தலையை மூடியிருந்த தொப்பியைக் கழற்றிக் காட்டினாள். வகிட்டில் இரண்டு வெள்ளை மயிர்கள் இருந்தன. “ஒண்டும் குறையேல்லை அக்கா,” என்றாள், மூச்சிரைக்க. “எல்லா வருசமும் என்னோட ஓடி வந்தது.”

கிளப்பின் சுவரில் வெற்றியாளர் பலகை ஒன்று உண்டு. அதில் பெயரும் நேரமும் மட்டுமே எழுதுவது வழக்கம். வயதையும் எழுதவேண்டும் என்று ஹட்சுமி கேட்டுக்கொண்டாள். பெயின்டர் ஏணியில் ஏறி, நேரத்துக்குப் பக்கத்தில் முப்பத்தேழு என்று எழுதினார். ஊரில் எவரும் ஏன் என்று கேட்கவில்லை.