ருக்மிணிக்குப் பார்க்கிங் கிடைத்த வரலாறு

ருக்மிணி சான் ஹோசே ஜப்பான் டவுனில் வண்டி நிறுத்த இடம் தேடத் தொடங்கியது 2019 மே பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு இருபதுக்கு. இடம் கிடைத்தது 2023 அக்டோபரில். நடுவில் ஒரு நிமிஷம்கூட அவள் இன்ஜினை அணைக்கவில்லை. பெட்ரோல் முள் அரை டேங்கில் நின்றது நின்றபடியே இருந்தது. தூக்கம் வரவில்லை. மற்ற விஷயங்களைக் கேட்பது மரியாதையில்லை என்பதால் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதையெல்லாம் நம்பாதவர்கள் பக்கத்து ஊரான சன்னிவேலில் நிறையப் பேர் உண்டு. அவர்கள் தீபாவளியன்று கோயிலுக்கு மத்தியானம் கிளம்பிப் போய்ப் பார்க்காதவர்கள்.

அன்று நடந்தது இதுதான். ருக்மிணியின் ஆபீஸ் தோழி விஷாகா, ஜப்பான் டவுனில் வெள்ளிதோறும் நடக்கும் மாலை நடைக்குப் பன்னிரண்டு பேருக்கு டிக்கெட் போட்டிருந்தாள். ஒரு மணி நேரம் தெருத்தெருவாக நடந்து பழைய வீடுகளைப் பார்ப்பது, பிறகு சமூகக் கூடத்தில் சாப்பாடு, அதன்பின் பெரிய மேளங்கள் வைத்து ஒரு கச்சேரி. வழிகாட்டி கென் மோரிடா முப்பது வருஷம் அதே தெருக்களில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டைக் காட்டினாலும் அந்த வீட்டுக்கு எங்கிருந்தெல்லாம் கடிதம் வந்தது என்பதில்தான் ஆரம்பிப்பார். ருக்மிணியின் கணவன் வாஞ்சிநாதன் கூடத்து வாசலிலேயே இறங்கிக்கொண்டான்.

"நீ park பண்ணிட்டு வா. நான் உள்ள சீட் போட்டு வெக்கறேன்" என்றான். அதோடு விட்டிருக்கலாம். "எனக்கெல்லாம் எப்பவும் வாசல்லயே கிடைக்கும். உனக்குத்தான் தேடத் தெரியாது" என்றும் சொன்னான்.

ருக்மிணி ஜாக்சன் தெருவில் நேரே போய், ஆறாம் தெருவில் திரும்பி, டெய்லர் வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி ஜாக்சனுக்கு வந்தாள். ஒரு சுற்றுக்கு நாலு நிமிஷம். காலியாகத் தெரிந்த இடமெல்லாம் கிட்டே போனால் தீயணைப்புக் குழாயாகவோ, யாருடைய வீட்டு வாசலாகவோ, குட்டி வண்டி பதுங்கியிருக்கும் இடமாகவோ இருந்தது. வாஞ்சிநாதன் கூடத்துக்குள் போய், சாப்பாட்டு மேஜையில் தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு நடைக்குக் கிளம்பினான். பாசம் பொங்கிச் செய்த காரியம் அல்ல. திருச்சி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுப் பழகிய கை தானாகப் போட்டுவிட்டது.

நடை முடிவதற்குள் ருக்மிணி அவர்களைப் பதினைந்து முறை கடந்துபோனாள். கை காட்டிக்கொண்டே போகும் அந்த அம்மாள் மிகவும் நட்பானவர் போலிருக்கிறதே என்று கென் வியந்தார். அவள் கை காட்டவில்லை. உள்ளங்கையை விரித்து 'எங்க?' என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு வந்தது. சோறு, டோஃபு, சைவக்காரர்களுக்கென்று மீன் போடாமல் கொதிக்கவைத்த சூப். வாஞ்சிநாதனுக்கு நல்ல பசி. அவன் குச்சிகளைக் கையில் எடுத்த நேரத்தில் கென் வந்து, இந்தத் துணி யாருடையது, கீழே விழுந்ததா என்று கேட்டார். யாரோ வரப்போகிறார்கள் என்று எங்கள் ஊரில் இதற்கு அர்த்தம் என்று வாஞ்சிநாதன் விளக்கினான். கென் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். பிறகு தன் தாத்தாவின் கதையைச் சொன்னார். யுத்தத்தின்போது, 1942-இல், ஜப்பானிய வம்சம் என்பதற்காக இந்தத் தெருக்காரர்களை எல்லாம் ராணுவம் கையில் தூக்க முடிந்ததோடு கிளப்பி முகாம்களுக்குக் கொண்டுபோயிற்று. தாத்தா சலூன் வைத்திருந்தவர். சலூன் நாற்காலியைக் கையில் தூக்க முடியாது. பக்கத்து வீட்டு இத்தாலியர் அதைத் தன் கொட்டகையில் வைத்து, மூன்று வருஷம் நாலு மாதம், தான்கூட உட்காராமல் பார்த்துக்கொண்டார். தாத்தா திரும்பி வந்த மறுநாள் அதே நாற்காலியில் அந்த இத்தாலியருக்குத்தான் முதல் முடிவெட்டு. இதைக் கேட்டபின் குச்சிகளைத் தூக்க வாஞ்சிநாதனுக்குக் கூச்சமாகிவிட்டது. 'அவ வந்தப்புறம் சாப்பிடறேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

கச்சேரி முடிந்து நாற்காலிகளை மடித்து அடுக்கும்போது கைக்குட்டை போட்ட நாற்காலி மட்டும் வரவில்லை. மேளக்காரர்கள் நாலு பேர் தூக்கிப் பார்த்தார்கள். தினமும் ஆளுயர மேளத்தைத் தூக்குகிற ஆட்கள் அவர்கள். நாற்காலி அசையவில்லை. அதற்கு முன்னால் இருந்த இரண்டு சூப் கிண்ணங்களும் ஆறவில்லை. பத்து மணிக்குக் கூடத்தைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போனார்கள், காலையில் திறந்தபோதும் ஆவி வந்துகொண்டிருந்தது. கென் அந்த மேஜையைச் சுற்றி ஒரு கயிறு கட்டினார். அதற்குமேல் ஜப்பான் டவுனில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை.

வீட்டுக்கு வரலாமே என்று ருக்மிணியிடம் சொல்லாதவர்கள் இல்லை. "இவ்ளோ நேரம் தேடிட்டேன். இப்ப கிளம்பினா அடுத்த நிமிஷமே ஒருத்தன் இடத்தைக் காலி பண்ணுவான்" என்றாள். நியாயமான பேச்சு என்பதால் வற்புறுத்துவதை விட்டுவிட்டார்கள். ஒரு போலீஸ்காரர் கூடவே வண்டி ஓட்டி வந்து ஓரமாக நிறுத்தச் சொன்னார். நிறுத்த இடமில்லை என்றாள். அவரும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு போய்விட்டார். ஆபீஸ் வேலையை வண்டியிலிருந்தபடியே பார்த்தாள். பெண் அதிதிக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் ஆறாம் தெரு ஸ்டாப் சைனில் ஏறி, பின்சீட்டில் ஹோம்வொர்க் செய்து, ராத்திரி அதே இடத்தில் இறங்கிக்கொள்வாள். "தேர் வாஸ் எ ஸ்பாட், அம்மா. இட்ஸ் கான் நவ்" என்று அவள் சொல்லாத நாளில்லை. வாஞ்சிநாதனின் தங்கை யாமினி பேர்லேண்டிலிருந்து போன் பண்ணி, எங்க மீனாக்ஷி கோயில்ல வந்து பாருங்க, எவ்ளோ பார்க்கிங், டெக்ஸஸுக்கு move பண்ணுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன் என்றாள்.

வண்டி ருக்மிணியிடம் இருந்ததால் வாஞ்சிநாதன் லைட் ரயிலில் போய் வந்தான். தினமும் ஆபீஸ் முடிந்து ஆறாம் தெரு முனைக்கு வந்து நிற்பான். ஸ்டாப் சைனில் வண்டி முழுசாக நிற்பது மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியில்தான் டிபன் டப்பா உள்ளே போகும், அழுக்குத் துணி வெளியே வரும், ஒரு வாக்கியம் பேசலாம். பதில் நாலு நிமிஷம் கழித்து அடுத்த சுற்றில் வரும். வீட்டில் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கவேண்டிய சண்டை ஒவ்வொன்றும் இதனால் ஏழு வாரம் ஓடியது. ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் நாலு நிமிஷம் யோசிக்கக் கிடைத்ததால் சண்டையின் தரம் உயர்ந்தது என்று, நடைபாதையில் நின்று கேட்டவர்கள் சொல்கிறார்கள்.

"உனக்குத் தேடத் தெரியல, ஒத்துக்கோயேன்" என்று அவன் தொடங்கியதற்கு, நாலு நிமிஷம் கழித்து, "நீங்க எனக்காக எதையாவது தேடியிருக்கீங்களா?" என்று வந்தது. அதற்குப் பதில் யோசித்து, கார் சாவியைத் தேடியதுண்டு என்றான். அடுத்த சுற்றில் கண்ணாடி பாதிதான் இறங்கியது. "என் தங்கச்சி கல்யாணத்துல முதல் பந்தியில உக்காந்துட்டீங்க. நான் மூணாம் பந்தியில தனியா சாப்பிட்டேன்." பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சொன்னதைப் பெண்டாட்டியை விட்டுவிட்டு முந்து என்று எடுத்துக்கொண்டவன் அவன். சினிமாவுக்கு ஒரே காரில் போய், அவள் வண்டி நிறுத்தி வருவதற்குள் பாதி பாப்கார்னை முடித்தவன். ஒவ்வொன்றாக எல்லாம் வந்தது, சுற்றுக்கு ஒன்றாக, இரண்டு வருஷம். கூட்டிப் பார்த்தால் அவர்கள் அதற்கு முந்தைய பதினைந்து வருஷத்தில் பேசியதைவிட அந்த முனையில் பேசியது அதிகம்.

கொரோனா வந்தது. ஊரே அடங்கிப் போய்விட்டது, இனிமேலாவது இடம் கிடைக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கிடைக்கவில்லை. யாரும் எங்கும் போகாததால் நிறுத்திய வண்டியை ஒருவரும் எடுக்கவில்லை. மாவட்டத்திலேயே ஒழுங்காகத் தனித்திருந்தது ருக்மிணிதான் என்று விஷாகா சொன்னாள். கேமராவை அணைத்து வைத்து வேலை செய்வதில் அனுபவசாலி என்று ஆபீஸில் அவளைத் தலைமைப் பொறுப்புக்கு உயர்த்தினார்கள். நடையும் கச்சேரியும் நின்றன, கூடம் பூட்டிக்கிடந்தது. வாஞ்சிநாதன் வெள்ளிதோறும் மாஸ்க் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்று நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போவான். உள்ளே சூப் ஆவியில் கண்ணாடி வேர்த்திருக்கும். அந்தக் கூடத்தில் அவன் வாய்க்குள் ஒரு பருக்கைகூடப் போகவில்லை, வீட்டிலும் ஏனோ தட்டில் போட்டதை நின்றபடியேதான் சாப்பிட்டான்.

மறுபடி நடை தொடங்கி ஒரு வருஷம் ஆனபின், ஒரு வெள்ளிக்கிழமை, அவன் ஸ்டாப் சைனில் குனிந்து, "நான் உனக்காகக் காத்திருந்ததே இல்ல, ருக்கு" என்றான். அடுத்த சுற்றில் அவள் கண்ணாடியை இறக்கவில்லை. அதற்கடுத்த சுற்றிலும் இல்லை. மூன்றாவது சுற்றில் இறக்கி, "தெரியும்" என்று மட்டும் சொன்னாள். வாஞ்சிநாதன் அந்த ஒரு வார்த்தையோடு லைட் ரயிலில் வீடு போய்ச் சேர்ந்தான்.

2023 அக்டோபரில், கச்சேரிக்கு அரை மணி முன்னால், கூடத்து வாசலில் இத்தனை வருஷமாக நின்றிருந்த ஒரு வெள்ளை வேன் கிளம்பிப் போயிற்று. வாஞ்சிநாதன் ஓடிப்போய் அந்த இடத்தின் நடுவில் நின்றுகொண்டான். ருக்மிணி வந்தாள், இடத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். "ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாலு நிமிஷம் ஆயிற்று. அவள் வரவில்லை. எட்டாயிற்று, பன்னிரண்டாயிற்று. ஒரு பெரிய டிரக்குக்காரன் வந்து, மனுஷன் நின்று இடம் பிடிப்பது சட்டப்படி செல்லாது என்று கத்தினான். வாஞ்சிநாதன் மன்னிப்புக் கேட்டானே தவிர நகரவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது. அவளிடம் அரை டேங்க் இருக்கிறது, பக்கத்திலேயே ஃப்ரீவே இருக்கிறது, அவள் இடத்தில் தான் இருந்தால் எப்போதோ போயிருப்பேன் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இருபது நிமிஷம் ஆனபோது கென் வந்து பக்கத்தில் நின்றார். எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. மேளக்காரர்களும் வெளியே வந்து நின்றார்கள். டிரக்குக்காரன் எல்லோரையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். நாற்பது நிமிஷம் கழித்து, ஆறாம் தெரு முனையில் அவளுடைய வண்டி விளக்கு திரும்பியது.

"முள்ளு இறங்க ஆரம்பிச்சுடுச்சு. பெட்ரோல் போட்டுட்டு வந்தேன்" என்றாள்.

வாஞ்சிநாதன் நடைபாதையில் நின்று "வா, வா, லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி, போதும்" என்று சொல்ல, அவள் அவன் சொன்னதைக் கேட்காமல் ஒரே மூச்சில் வண்டியைச் செருகினாள். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள். உள்ளே போய் அவன் கைக்குட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ள, அவள் உட்கார்ந்தாள். அவள் ஒரு வாய் குடித்த பிறகுதான் அவன் தன் கிண்ணத்தைத் தொட்டான். நல்லாருக்கு, உப்புதான் கம்மி என்றாள். அப்புறம் மேளம் தொடங்கியது. அத்தனை வருஷமும் அவள் அந்தக் கச்சேரியை நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை, கூடத்தைக் கடக்கிற பத்துப் பன்னிரண்டு விநாடி மட்டும்தான் கேட்டிருந்தாள். "நடுவுல இவ்ளோ இருக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கடைசிவரைக்கும் உட்கார்ந்து கேட்டாள்.

இப்போது அவர்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் பதில் நாலு நிமிஷம் கழித்துத்தான் வருகிறது. காபியா டீயா என்று கேட்டுவிட்டு அவன் பாத்திரம் கழுவப் போய்விடுவான். விருந்தாளிகளும் பழகிவிட்டார்கள். அதிதி லேர்னர்ஸ் பர்மிட் வாங்கியாயிற்று, அவளுக்கு மட்டும் காத்திருக்கப் பொறுமையில்லை. இந்த நாலு நிமிஷப் பழக்கம் தொடங்கியது அன்றைக்குக் கச்சேரி முடிந்து வீடு திரும்பும்போதே. ருக்மிணி பக்கத்து சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்க, வாஞ்சிநாதன் ஓட்டினான். 101 ஃப்ரீவேயிலிருந்து இறங்கும்போது, "நீ திரும்பி வரமாட்டேன்னு நினைச்சேன்" என்றான். இரண்டு சிக்னல் போயிற்று, அவர்கள் தெரு வந்தது, கராஜ் கதவு மேலே ஏறத் தொடங்கியது.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றாள் ருக்மிணி.