வெயிலுமுத்து பக்கம் சாய்ஞ்ச கிரவுண்டு

எங்கம்மா மேல சத்தியம், இப்ப நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. எழுத்தே எனக்கு அவ்வளவாத் தெரியாது. அதனால பொய் கலக்கவும் வழியில்ல.

மத்த ஊர்ல செலக்டருங்க சாய்வாங்க. எங்க கோவில்பட்டில கிரவுண்டு சாயும். எந்தப் பய பின்னால பெரிய ஆட்டக்காரனா வருவானோ, அவன் நிக்கிற பக்கமாச் சாயும்.

கரிசல் காளைகள்னு ஒரு ஹாக்கி டீம். சம்பளம் குடுத்து ஆள் வைக்கிற டீம். வருசா வருசம் இளவட்டங்கள வரிசைப்படுத்த எங்க கிரவுண்டுக்குத்தான் வருவாங்க. யாரு நிக்கிற இடம் ரொம்பப் பள்ளமோ அவன் ஒண்ணாவது. மேட்டுல நிக்கிறவன் சைக்கிள எடுத்துட்டு வீட்டுக்குப் போயிரலாம். இறக்கம்தான, மிதிக்கக்கூட வேண்டாம்.

டீம்ல இடம் ஒண்ணாவது வர்றவனுக்கு மட்டும்தான். இந்தத் தடவை எங்கக்கா மகன் வெயிலுமுத்து நின்னான். கோல்கீப்பர். வயசு ஏறிப்போச்சு, இதான் கடைசி வாய்ப்பு. இதுல வரலேன்னா அன்னைக்கே திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ரயில் ஏறணும்னு அவன் அப்பா, எங்க மச்சான், சொல்லிட்டாரு. சொன்னதோட விடாம, பையக் கட்டி எங்கக்கா இசக்கியம்மா கையில குடுத்து கிரவுண்டுக்கே அனுப்பிட்டாரு.

கோல்கீப்பருக்கு இதுல ஒரு சிக்கல் இருக்கு. கிரவுண்டு அவன் பக்கம் சாய்ஞ்சாத்தான் அவன் ஒண்ணாவது. ஆனா சாய்ஞ்சா, இருக்கிறதெல்லாம் அவன் கோலப் பாத்துத்தான் உருண்டு வரும். ஒண்ணே ஒண்ணு கோட்டத் தாண்டுனாலும் போச்சு. பந்துதான்னு இல்ல, எது தாண்டுனாலும் கோலுதான். ரூல் அப்படி.

"மாமா, சாயாம இருந்தா நல்லாருக்கும்"னான், கால்ல பேடு கட்டிக்கிட்டே.

"சாயலேன்னா திருப்பூருதாம்லே."

"சாய்ஞ்சா?"

"சாய்ஞ்சா நீ செத்த. ஆனா மருவாதியாச் சாவ."

எதிர்ல ஃபார்வர்டு ஜெபர்சன். அவன் ஸ்டிக்க எடுத்தா பந்து வெக்கப்படும், அப்படிப்பட்ட ஆட்டக்காரன். செலக்டர் கோயில்பிச்சை சார் கிரவுண்டு நடுவுல ஒரு எலுமிச்சம்பழத்த வச்சாரு. அம்பயர் விசில் அடிச்சாரு.

எலுமிச்சம்பழம் விருட்டுன்னு ஜெபர்சன் பக்கம் ஓடிச்சு. கூட்டமும் நாற்காலியோட அந்தப் பக்கம் வழுக்கிருச்சு. எங்கக்கா பைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "ஏலே வெயிலு, ரயிலுக்கு நேரமாச்சு போலருக்கே!"ன்னு கத்துனா.

அது அவனுக்குச் சுருக்குன்னு பட்டிருச்சு. ஜெபர்சன் அடிச்ச அடிய ஒத்தக் கால நீட்டித் தட்டிவிட்டான் பாருங்க, கிரவுண்டு கொஞ்சம் யோசிச்சுட்டு, சரின்னு இந்தப் பக்கம் திரும்பிருச்சு.

பொறவு வந்துச்சு வரிசையா. பந்து வந்துச்சு, தட்டுனான். கூட்டம் நாற்காலியோட வந்துச்சு, காலால நிப்பாட்டுனான். சர்பத் வண்டி வந்துச்சு, ஸ்டிக்கால ஒதுக்குனான். அம்பயர் வந்தாரு, நெஞ்சால தடுத்தான். மருவாதி தெரிஞ்ச பய, "மன்னிச்சுக்கோங்க சார்"னு சொல்லித்தான் தடுத்தான். மெயின் ரோட்டுல போன மதுரை பஸ் ஒண்ணு திரும்பி வந்துச்சு. ரெண்டு கையாலயும் பிடிச்சான். டிரைவர் இறங்கி, "டீ குடிக்க நேரமிருக்கா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு.

ஜெபர்சனும் உருண்டுதான் வந்தான். வர்றப்பவே நக்கல்.

"ஏ வெயிலு, கதவச் சாத்துலே, ஊரே வருது!"

"நீயும் வா, இடம் இருக்கு"ன்னு அவனயும் தூக்கி வெளிய போட்டான்.

கோயில்பிச்சை சார் குப்புறப் படுத்து, கொத்தனாரு வைக்கிற ரசமட்டத்தத் தரையில வச்சு ஒரு கண்ண மூடிப் பாத்தாரு. "இன்னும் ஒரு வெரக்கடை, ஒரு விரல் அகலம்தான். ஒரு வெரக்கடை சாய்ஞ்சா இவன்தான் ஒண்ணாவது."

எங்கக்கா கண்ண மூடிக்கிட்டா. நான் மூடல, யாராவது பாக்கணும்ல. ஒரு வெரக்கடை சாய்ஞ்சுச்சு.

மொதல்ல உப்புக் காத்து வந்துச்சு. அதுக்குப் பின்னால தூத்துக்குடிக் கடல் வந்துச்சு. சிக்னல்ல நின்னு, பச்சை விழுந்ததும் ரோட்டக் கடந்து, கேட்டு வழியா உள்ள வந்துச்சு. வாட்ச்மேன் ரெண்டு கதவையும் திறந்து விட்டாரு.

"விடாதலே! விடாதலே!"ன்னு இந்தப் பக்கம். "அடி கடலு!"ன்னு அந்தப் பக்கம். கடலு இடது பக்கம் போறாப்ல காட்டி வலது பக்கம் திரும்புச்சு. நல்ல ஆட்டம், குறை சொல்லக்கூடாது. வெயிலுமுத்து ஏமாறல. அப்படியே படுத்து விழுந்தான், போஸ்டுக்குப் போஸ்டு. டப்புன்னு ஒரு சத்தம். பேட்டுல முட்டி நின்னுருச்சு, மொத்தக் கடலும்.

கோயில்பிச்சை சார் கைக்குட்டைய எடுத்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒத்தி ஒத்திப் பாத்தாரு. காஞ்சு கெடந்துச்சு.

"ஒண்ணாவது, வெயிலுமுத்து!"

எங்கக்கா பைய அங்கனயே அவுத்து, உள்ள மடிச்சு வச்சிருந்த துண்ட எடுத்து அவன் தலையத் துவட்டுனா. துவட்டிக்கிட்டே இருந்தா.

"ரெண்டாவது, கடல். மூணாவது, ஜெபர்சன்."

ஜெபர்சன் விடுவானா? "சார், அது இளவட்டமா சார்? மூஞ்சியப் பாத்தாலே தெரியல?"

"வயசு சர்டிபிகேட் கேட்டிருக்கேன்பா. நாளைக்குக் கொண்டு வரலேன்னா நீதான் ரெண்டாவது"ன்னாரு சார்.

சர்டிபிகேட் வீட்டுல இருக்காம். திரும்பிப் போற வழியெல்லாம் ஏத்தம், கடலால ஏற முடியல. நான்தான் கூட்டிட்டுப் போயி தூத்துக்குடி பஸ்ல ஏத்தி, ஜன்னல் ஓரமா உக்கார வச்சேன். கண்டக்டர் அரை டிக்கெட் தர மாட்டேன்னுட்டாரு. முழு டிக்கெட், அலைக்கு லக்கேஜ் தனி. எல்லாம் என் கைக்காசு.

அதனால, உக்காந்து ஓசில கதை கேட்டவங்க ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து இந்தத் துண்டுல போடுங்க. ஏ, அங்கன நைசா எந்திரிக்கிற மீசை, உம்மத்தான்வேய்! டிக்கெட்டுக்கு இது. டீயும் வடையும் தனி.